இயந்திரம் படிக்காத வரி

அத்தியாயம் 5

“செத்துப்போன பையன் வந்து புரோகிராம் எழுதறான்” என்று பேராசிரியர் போனில் சொன்னதும் சின்னவன் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்தது. டீ மேசை மேல் நாலாபுறமும் ஓடியது. ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த தன் போனை அண்ணி காப்பாற்றவில்லை. அதன் பக்கத்தில் சார்ஜரில் கவிழ்த்து வைத்திருந்த பழைய செல்போனைத்தான் முதலில் தூக்கினாள்.

அது அவள் கணவருடையது. சின்னவனுக்கு அண்ணன். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவர் நடத்திய துப்பறியும் அலுவலகத்தை இப்போது அண்ணி நடத்துகிறாள். இன்ஷூரன்ஸ் விற்கப் போய் ஒரு பாலிசிகூட விற்காமல் திரும்பிய சின்னவன், நாற்பத்தோரு வயதில் அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ கொட்டுகிறவன். அண்ணனின் போன் மட்டும் அன்றிலிருந்து சார்ஜரிலேயே கிடக்கிறது. ஏன் என்று அவன் கேட்டதில்லை. கேட்க அவனுக்கு வாயும் இல்லை. ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் அந்த நம்பருக்கு ‘அண்ணா, முடிஞ்சுது’ என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுகிறவன் அவன். சத்தம் வராமல் கவிழ்ந்து கிடக்கும் போன்தானே, அண்ணிக்கு எங்கே தெரியப்போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

“மூணு மணிக்கு எங்க காலேஜ் போட்டி முடியுது. அதுக்குள்ள யாருன்னு சொல்லணும். ஏற்கெனவே ரெண்டு அணி பயந்துபோய் மூட்டை கட்டிட்டாங்க” என்றார் பேராசிரியர்.

“அந்தப் பையன் பேர்ல இருக்கற லாகினை மூடிட வேண்டியதுதானே சார்?” என்றாள் அண்ணி.

“மூடினா நாங்களும் எழுந்து போயிடுவோம்னு அவன் அணியோட தலைவிப் பொண்ணு சொல்லுதும்மா. அது அழுற அழுகையைப் பார்த்தா எனக்கு மூடவும் மனசு வரல. எங்கிருந்து வருதுன்னு இணையக் கம்பெனியைக் கேட்டா, மூணு நாள் ஆகும்ங்கறாங்க.”

அண்ணி கைப்பையை எடுத்தாள். சின்னவன் கார் சாவியை எடுத்தான்.

“அண்ணி, நான் வண்டியிலேயே இருக்கேன். பேய் ஓடி வந்தா வழி மறிக்க ஒரு ஆள் வேணுமில்ல?”

“நீங்க உள்ள வாங்க தம்பி. உங்களைப் பார்த்தா அதுக்குச் சிரிப்பு வந்து போயிடும்.”

கல்லூரியின் இறகுப்பந்து அரங்கத்தைத்தான் போட்டிக்கூடமாக ஆக்கியிருந்தார்கள். தரையில் ஆட்டக் கோடுகளின் மேல் வயர்கள் ஓட, அதன்மேல் பழுப்பு டேப். முப்பது மேசை. முப்பது மணி நேரம் ஒரே மூச்சில் ஒரு புரோகிராம் எழுதி முடிக்க வேண்டும், அதற்குப் பெயர் ஹேக்கத்தான். நேற்றுக் காலை ஒன்பதுக்குத் தொடங்கியதால், இப்போது பன்னிரண்டே காலுக்கு ஒருவர் முகத்திலும் ரத்த ஓட்டம் இல்லை. பேயைத் தேடி வந்தவனுக்கு எல்லா முகமும் சந்தேகமாகவே பட்டது.

பதினேழாம் மேசையில் நான்கு நாற்காலி. ஒன்றில் அணித்தலைவி, எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் பெண். இன்னொன்றில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட பையன், அவன் பட்டப்பெயரே கண்ணாடி. மூன்றாவது காலி, அதன் சொந்தக்காரனின் இரண்டு கால்கள் மேசைக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“அது தூங்கி” என்றான் கண்ணாடி.

“பேர் வெச்சவங்களுக்குத் தொலைநோக்கு அதிகம்” என்றான் சின்னவன். யாரும் சிரிக்கவில்லை. நான்காவது நாற்காலியைப் பார்த்ததும் அவனுக்கும் சிரிப்பு நின்றது. அதில் ஒருவரும் இல்லை. ஆனால் உட்கார வருகிறவருக்கு வசதியாக அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் விளக்கினார். எல்லா அணியும் இணையத்தில் ஒரு பொதுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். யார் எழுதுகிறார்களோ அவர்கள் பெயர் தாங்கிய சின்னக் கோடு, கர்சர், திரையில் நகரும். ஆளுக்கு ஒரு நிறம்.

“ஆரஞ்சு நான். நீலம் கண்ணாடி. மஞ்சள் தூங்கி” என்றாள் கேப்டன். அவள் நான்காவது நாற்காலியைப் பார்த்தாள். “பச்சை அவன்.”

திரையின் நடுவில் ஒரு பச்சைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் ‘ஒண்ணாம் நம்பர்’ என்று எழுதியிருந்தது. சின்னவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

“செத்தவர் பேர் எப்படி இந்த வருஷப் பட்டியல்ல வந்துச்சு?” என்றாள் அண்ணி.

“போன வருஷ அணியையே திரும்பப் பதிவு பண்ணினேன். அவன் பேரை எடுக்க ஒரு பட்டனை அமுக்கணும் மேடம். என்னால அமுக்க முடியல.”

“நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்” என்று பேராசிரியர் தலையைச் சொறிந்தார்.

கேப்டன் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் எழுதுவது ஆஸ்பத்திரி வரிசைக்கான புரோகிராம். டோக்கன் வாங்கியவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அது சொல்ல வேண்டும். யோசனை இறந்துபோனவனுடையது. நேற்றுப் பதினோரு மணிக்கு ஒரு சிக்கல் வந்தது. வரிசையில் கடைசி ஆள் மட்டும் எப்போதும் விட்டுப்போனார். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. புரோகிராமில் ஒரு வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டால் இயந்திரம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு வைக்க அப்படி எழுதுவார்கள். அவள் வெறுத்துப்போய் இரண்டு கோடு போட்டு, ‘ஒண்ணாம் நம்பர், நீ இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்ப’ என்று எழுதினாள்.

“நாற்பது நிமிஷம் கழிச்சுப் பச்சை வந்துச்சு. எங்க மூணு பேர் கண் முன்னாடி. ஒவ்வொரு எழுத்தா மெதுவா எழுதித் தப்பைச் சரி பண்ணிட்டுப் போயிடுச்சு.”

“அப்புறம்?”

“ரெண்டேகாலுக்கு ஒண்ணு. நாலரைக்கு ஒண்ணு. இன்னிக்குக் காலைல ஒன்பது பத்துக்கு ஒண்ணு.”

அண்ணி நேரங்களை வரிசையாகக் குறித்தாள். “ராத்திரி?”

“ராத்திரி பூரா கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுதினேன். வரவே இல்ல.”

“ராத்திரி லீவு போடற பேயை நான் இப்பத்தான் பார்க்கறேன். ஒண்ணுலேர்ந்து ரெண்டு சாப்பாட்டு நேரம் வேற” என்றான் சின்னவன்.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். வேடிக்கையாகச் சொன்னதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டது அவனுக்கே பயமாக இருந்தது.

“பச்சை இப்ப ஏன் அங்கேயே நிக்குது?”

கேப்டன் திரையைத் திருப்பிக் காட்டினாள். பச்சைக் கோடு நின்றிருந்த இடத்தில் அவளுடைய வரி இருந்தது. ‘சார்ஜர் எடுக்க உன்னை அனுப்பினது நான்தான். என்மேல கோபமா?’

“பத்தரைக்கு வந்து அந்த வரி முடிவுல நின்னுச்சு. இன்னும் நிக்குது. ஒரு எழுத்துகூட எழுதல” என்றான் கண்ணாடி மெதுவாக.

போன வருஷம் இதே கூடம், இதே மேசை. மதியம் இரண்டு மணிக்கு லேப்டாப் அணைந்துபோனது. ஒண்ணாம் நம்பரின் சார்ஜர் வீட்டில். எடுத்துவரச் சொல்லிக் கேப்டன் கத்தினாள். அவன் இருபத்தொன்பது மணி நேரம் தூங்காதவன். பைக்கில் போனவன், ரவுண்டானாவில் லாரிக்கடியில் போய்விட்டான்.

“நான் கத்தும்போது அவன் ஹெல்மெட்டை ஆட்டிக்கிட்டே சிரிச்சான் மேடம். ‘சரி கேப்டன், எடுத்துட்டு வர்றேன்’னான். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமா என் கண்ணை விட்டுப் போகல. ஒரு வேளை நான் கத்தாம இருந்திருந்தா…” அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவன் பதில் சொல்லாம நான் சப்மிட் பண்ணமாட்டேன். அவனுக்கு என்மேல கோபம்னா, அவன் யோசனையை வெச்சு நான் ஜெயிக்க எனக்கு யோக்கியதை இல்ல.”

“அவனோட யோசனை இது, மேடம்” என்றான் கண்ணாடி. “இன்னிக்குக் கொடுக்கலேன்னா அது செத்துடும். நான் சொன்னா கேட்கமாட்டேங்கறா.”

அண்ணியின் பேனா ஒரு சொல்லுக்கடியில் கோடு போட்டது. சின்னவன் எட்டிப் பார்த்தான். ‘ஹெல்மெட்.’

அதன் பிறகு அவள் கண்ணாடியைத் தனியே அழைத்து, பச்சை எழுதிய நான்கு திருத்தங்களையும் காட்டச் சொன்னாள்.

“இதெல்லாம் ஏன் இப்படித் தள்ளித் தள்ளி இருக்கு?”

அவனுக்கும் அது விளங்கவில்லை. தப்பான வரியைப் பொதுவாக அழித்துவிடுவார்கள். பச்சை அழிக்கவில்லை. இயந்திரம் படிக்காதபடி கோடு போட்டு அடித்து அப்படியே வைத்திருந்தது. சரியான வரியை அதற்கடுத்த வரியில், நாற்பது இடம் விட்டு, திரையின் வலது ஓரத்தில் எழுதியிருந்தது.

“ஆனா இது அவன்தான் மேடம். சத்தியமா. நாம எண்ணும்போது ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவோம். கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். அவன் மட்டும் பிடிவாதமா ஒண்ணுலேர்ந்து எண்ணிட்டுக் கடைசியில ஒண்ணைக் கழிப்பான். சுத்தி வளைச்ச வேலை. அதனாலதான் அந்தப் பேரே வெச்சோம். இங்க பாருங்க, நாலு இடத்துலயும் ஒண்ணுலேர்ந்து எண்ணிக் கடைசியில கழிச்சிருக்கு. உலகத்துல வேற யாரும் இப்படி எழுதமாட்டாங்க.”

“கடைசி வரைக்கும் அப்படித்தான் எழுதினானா?”

கண்ணாடி யோசித்தான். “இல்ல. போன வருஷம், அந்த நாள் காலைல, நான்தான் நாற்காலியை வரிசையா போட்டுக் காமிச்சேன். எத்தனாவது நாற்காலின்னு எண்ணாதே, முதல் நாற்காலியிலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாருன்னேன். முதல் நாற்காலிக்கு நடக்கவே வேண்டாமில்ல, அதான் பூஜ்யம். ‘இவ்வளவுதானா!’ன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டான். பதினோரு மணிக்கு மேல அவன் எழுதினதெல்லாம் பூஜ்யத்துலேர்ந்துதான்.”

சொல்லிக்கொண்டே போன வருஷப் பக்கத்தைத் திறந்தான். பதினோரு மணி வரை ஒன்று. அதன் பிறகு பூஜ்யம். அவன் வாய் அப்படியே திறந்து நின்றது.

அண்ணி அவன் தோளைத் தட்டினாள். “கேப்டன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே.”

வெளி வராந்தாவில் சின்னவன் மூச்சுவிட்டான். “அண்ணி, என் மரமண்டைக்கு ஒரு தடவை சொல்லுங்க.”

“கடைசி நாள் கத்துக்கிட்டதை அந்தப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்ல தம்பி. அதுக்கு முன்னாடி எழுதின நோட்டு மட்டும்தான் வீட்ல இருக்கும். அந்த நோட்டைப் பார்த்துக் கத்துக்கிட்ட கை இது. தப்பை அழிக்கமாட்டேங்குது, கோடு போட்டு அடிக்குது. சரியானதை ஓரத்துல எழுதுது. ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்து, ஒரு மணிக்குச் சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகுது. யாரோட தொழில் இது?”

“என் கணக்கு வாத்தியார். ஆனா அவர் அடிச்சது நோட்டுல மட்டும் இல்ல.”

பேராசிரியர் கொண்டுவந்து கொடுத்த போன வருஷப் படிவத்தை அண்ணி அவன் கையில் வைத்தாள். தந்தை: இல்லை. தாய். வேலை: அச்சகத்தில் பிழை திருத்துபவர்.

“அப்ப கேஸ் முடிஞ்சுது! போனைப் போட்டுப் பேசி முடிச்சுடலாமே?”

“ஆள் யாருங்கறதுதான் முடிஞ்சுது. நாலு கஷ்டமான தப்புக்குப் பதில் எழுதினவங்க, ‘கோபமா’ங்கற ஒரு கேள்விக்கு ஏன் ரெண்டு மணி நேரமா நின்னுட்டு இருக்காங்க? அந்தப் பொண்ணுக்கு வேண்டியது அதுதான். வண்டியை எடுங்க.”

அச்சகம் பத்து நிமிஷ தூரம். கீழே இயந்திரங்கள் தடதடத்தன. மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கட்டுக்கட்டாக அச்சுத்தாள்கள், அவற்றின் ஓரமெல்லாம் சிவப்பு மை. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. எதிரே பழைய கம்ப்யூட்டர். அதில் அதே பக்கம், அதே வரி, அதே பச்சைக் கோடு. பேய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“பதினேழாம் மேசையிலேர்ந்து வர்றோம்” என்றாள் அண்ணி.

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். “பிள்ளைங்களைப் போட்டியிலேர்ந்து எடுத்துட்டாங்களா? நான் செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியும். அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

“இன்னும் எடுக்கல. உட்காருங்க.”

மேசையில் ஒரு நீள நோட்டு கிடந்தது. மூலையெல்லாம் மடங்கிக் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அவன் கையெழுத்தைப் படிச்சுட்டிருக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். மூணு மாசம் ஒண்ணும் புரியல. அப்புறம் பிழை இருந்தா மட்டும் கண்ணுல பட ஆரம்பிச்சுது. முப்பது வருஷமா பார்க்கற வேலை அதுதானே. போன வாரம் அவன் மெயிலுக்கு ஒரு கடிதம் வந்துச்சு. ‘உங்கள் அணியினர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்’னு.” அவர் நோட்டின் மடங்கிய மூலையை நீவினார். “கம்ப்யூட்டர் தானா அனுப்பறதுன்னு தெரியும். தெரிஞ்சும் திறந்தேன். பாஸ்வேர்டு நோட்டு முதல் பக்கத்துலயே இருக்கு. சும்மா பார்க்கத்தான் போனேன். அந்தப் பொண்ணு கேட்டிருந்தா. பிழை எங்கேன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிழையை விட்டுட்டு எழுந்து போக எனக்கு வராதும்மா.”

“இந்தக் கேள்விக்கு ஏன் எழுதல?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.

“நான் ஒண்ணு கேட்கறேன். அந்தப் பொண்ணு கத்தும்போது உங்க பையன் ஹெல்மெட்டை ஆட்டிட்டுச் சிரிச்சானாம். சார்ஜர் கேட்டதுக்கப்புறம் ஹெல்மெட் எடுத்தா சரி. அவன் கையில முன்னாடியே ஹெல்மெட் இருந்திருக்கு. எங்கேயோ கிளம்பிட்டான். எங்கே கிளம்பினான்?”

கீழே இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்த அம்மாள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

“சாவியை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டேன்” என்றார் கடைசியில். “ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். ‘வாசல்ல நிக்கறேன், உன் சாவியை எடுத்துட்டு வாடா’ன்னு போன் பண்ணினேன். ‘அஞ்சு நிமிஷம்மா’ன்னான். பக்கத்து வீட்ல உட்கார்ந்திருக்கலாம். பூட்டுக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம். அவனைக் கூப்பிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சார்ஜர்னு ஒண்ணு நடந்ததே எனக்கு இன்னிக்குக் காலைலதான் தெரியும். அந்தப் பொண்ணு ஒரு வருஷமா என் பாவத்தைச் சுமந்துட்டு இருந்திருக்கா.”

“அப்ப எழுதிட வேண்டியதுதானேம்மா?” என்று சின்னவன் கேட்டேவிட்டான்.

“எப்படி எழுதறது? ‘கோபம் இல்ல’ன்னு அவன் மாதிரி எழுதினா அது பொய். நானா எழுதினா, வந்தது அவன் இல்லன்னு ஆயிடும். அந்தப் பிள்ளைங்களுக்கு அவன் மறுபடியும் போயிடுவான்.” அவர் பச்சைக் கோட்டை விரலால் தொட்டார். “எனக்கும்தான். ரெண்டு நாளா இந்தப் பேர் நகருது. பார்த்துட்டே இருக்கேன்.”

அண்ணி பேசியபோது அவள் குரலில் சின்னவன் இதுவரை கேட்டறியாத ஒன்று இருந்தது.

“என் மேசை மேல ஒரு போன் இருக்கும்மா. என் வீட்டுக்காரரோடது. நாலு வருஷமா சார்ஜ்ல போட்டு வெச்சிருக்கேன். அணைச்சா அவர் போயிடுவார்னு ஒரு பயம். அவர் என்னிக்கோ போயிட்டார். உயிரோட இருக்கறவங்கதான் பதிலுக்குக் காத்துட்டு இருக்காங்க.”

சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அம்மாள் கம்ப்யூட்டரை மூடினார். நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியில் ரவுண்டானாவில் ஊர்வலம் போல வண்டிகள் நின்றன. சின்னவன் அதைச் சுற்றி வேறு தெருவில் திருப்பினான். அந்த இடத்தை அந்த அம்மாள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர், “பரவாயில்ல தம்பி, தினம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன்” என்றார். அதன் பிறகு அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு இருபதுக்குக் கூடத்தில் நுழைந்தார்கள். கேப்டன் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தாள்.

“ரெண்டு மணிக்குப் பச்சை அணைஞ்சுடுச்சு. அப்போலேர்ந்து இப்படியேதான்” என்றான் கண்ணாடி. பிறகு அண்ணிக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான். சட்டென்று எழுந்து நின்றான். மேசைக்கடியிலிருந்து தூங்கி வெளியே வந்து, யாரும் கேட்காமலே தன் லேப்டாப்பை நான்காவது இடத்துக்கு நகர்த்தி வைத்தான்.

அந்த அம்மாள் இழுத்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு விரலால் தட்டினார். டக். டக். டக்.

கேப்டன் தலையைத் தூக்கினாள். அவள் திரையில் பச்சை உயிர்பெற்றிருந்தது. அவளுடைய வரிக்குக் கீழே, இரண்டு சாய்கோடு போட்டு, வலது ஓரத்துக்குத் தள்ளி, எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

‘அவன் சார்ஜருக்காகக் கிளம்பல. சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன், வான்னு நான்தான் கூப்பிட்டேன். கிளம்பினவன்கிட்டதான் நீ சார்ஜர் கேட்டிருக்க.’

பக்கத்தில் தட்டும் சத்தம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. ஆனால் திரும்பவில்லை. கடைசி வரி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது வந்தது.

‘உன்மேல கோபம் இல்லம்மா. எழுதறது அவன் அம்மா.’

கேப்டன் மெல்லத் திரும்பினாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அந்த வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள் அவள்.

“ஹெல்மெட்…” என்றாள். “ஆமா, நான் திரும்பினப்பவே அது அவன் கையில இருந்துச்சு ஆன்ட்டி. எனக்கு அது தோணவே இல்ல.”

“எனக்கும்தான் தோணல. நீ ஒருத்தி இதைச் சுமந்துட்டு இருப்பேன்னு.”

அவள் அந்த அம்மாளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சின்னவன் அவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். குறுக்குச் சுவராக நிற்க அவன் உடம்பு போதும்.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், விதின்னு ஒண்ணு இருக்கு. வெளியாள் எழுதினது புரோகிராம்ல இருக்கக் கூடாது.”

“இயந்திரம் படிக்கிற நாலு வரிதான் வெளியாள் எழுதினது. அதை எடுத்துட்டு அவங்களே எழுதட்டும்” என்றாள் அண்ணி. “இயந்திரம் படிக்காத வரிக்கு உங்க விதியில தடை இருக்கா?”

பேராசிரியர் படிவத்தைப் புரட்டினார். இல்லை.

இருபது நிமிஷம் இருந்தது. கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பச்சை எழுதிய நான்கு வரிகளையும் அழித்தாள். பூஜ்யத்திலிருந்து எண்ணித் தானே எழுதினாள்.

“ஏன் பூஜ்யத்துலேர்ந்து எண்ணறீங்க? நோட்டுல அப்படி இல்லையே” என்றார் அந்த அம்மாள்.

கண்ணாடி நான்கு காலி நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டான். போன வருஷம் சொன்னதையே சொன்னான். முதல் நாற்காலிக்கு நடக்க வேண்டாம். அதனால் பூஜ்யம். அந்த அம்மாள் நாற்காலிகளைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா!” என்றார்.

கண்ணாடியின் முகம் கோணிப்போனது. “அவனும் இதைத்தான் ஆன்ட்டி சொன்னான்.”

அவர் நோட்டைத் திறந்து, மகன் எழுதியிருந்த கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு ஐம்பத்தேழு. வரிசையில் கடைசி ஆள் இப்போது விட்டுப்போகவில்லை. சமர்ப்பிக்கும் முன் அணியினர் பட்டியல் திரையில் வந்தது. நான்கு பெயர். கேப்டன் அந்த அம்மாளைப் பார்த்தாள்.

“எடுத்துடும்மா” என்றார் அவர்.

கேப்டன் அந்தப் பட்டனை அமுக்கினாள். பச்சை அணைந்தது. அடுத்த பட்டனையும் அமுக்கினாள். முடிவு ஐந்து மணிக்கு என்று பேராசிரியர் சொன்னார். அண்ணி அதற்காக நிற்கவில்லை.

அலுவலக வாசலில் அண்ணி இறங்கி மாடிக்குப் போனாள். சின்னவன் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அண்ணனிடம் சொல்ல இன்று நிறைய இருந்தது. போனை எடுத்து, எப்போதும்போல் சுருக்கமாகவே தட்டினான். ‘அண்ணா, முடிஞ்சுது. பேய் இல்ல.’

அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் ‘அண்ணன்’ என்று வந்தது.

நான்கு வருஷத்தில் முதல் தடவை. சின்னவன் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்தான். கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி உள்ளேயே உட்கார்ந்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெசேஜைத் திறந்தான்.

‘இதுவரைக்கும் நீங்க அனுப்பினது அறுபத்திரண்டு. ஒண்ணு விடாம படிச்சிருக்கேன் தம்பி. மேல வாங்க, டீ ஆறுது. எழுதறது அண்ணி.’